பிரச்சனை முடிந்த பிறகும் கோபம் ஏன் திரும்பி வருகிறது? மூணாறு தரும் ஒரு பதில்

2015 செப்டம்பர் 13. மூணாறில் ஒரு கணக்கு தீர்ந்தது.

கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒன்பது நாட்களாகச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நிறுவனம் அந்த ஆண்டு அறிவித்த போனஸ் 10 சதவீதம், அவர்கள் கேட்டது 20 சதவீதம். தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் கிட்டேகூட விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' என்ற பெயர் அப்போதுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. பாதி தமிழ், பாதி மலையாளம், எல்லைப் பேச்சுக்கே உரிய கலவை. கடைசியில் அப்போதைய முதல்வர் உம்மன் சாண்டியின் அரசு நடத்திய பேச்சுவார்த்தையில் 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீத கருணைத்தொகை என்று முடிவானது. கூட்டினால் சரியாக 20. போனஸ் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பும் அதேதான். கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது.

2017 ஏப்ரல் 22. கேரள மின்துறை அமைச்சராக இருந்த எம்.எம்.மணி ஒரு கூட்டத்தில் பேசும்போது அந்தப் பழைய போராட்டத்தைப் பற்றிச் சொன்ன சில வார்த்தைகள், அதில் உட்கார்ந்த பெண்களின் நடத்தையைக் கொச்சைப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளப்பட்டன. மறுநாளே பெம்பிளை ஒருமை பெண்கள் மறுபடியும் மூணாறு வீதியில் இறங்கினார்கள். இந்த முறை பணம் கேட்கவில்லை. அமைச்சர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். தன் பேச்சு திரிக்கப்பட்டது என்று சொன்ன மணி, வருத்தமும் தெரிவித்தார். ஆனாலும் போராட்டம் உண்ணாவிரதம் வரை போனது. அந்தப் பேச்சு தொடர்பான மனு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை சென்று, ஓர் அமைச்சரின் பேச்சுக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு 2023 ஜனவரி 3-ல் வந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன விஷயம் ஒரே நாளில் எப்படி முழுச் சூட்டோடு திரும்பி வந்தது?

இந்தக் கேள்வி மூணாறுக்கு மட்டுமானது இல்லை. நீங்கள் லயம் வீட்டில் பிறந்து கொச்சியில் ஐடி வேலை பார்ப்பவராக இருக்கலாம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் கோவைக்குப் பஸ் ஏறுபவராக இருக்கலாம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் உங்களை எல்லார் முன்னாலும் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார். சண்டை வந்தது, பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், ராசியாகிட்டீங்க. அல்லது அப்ரைசலில் உங்கள் வேலையைக் குறைத்துக் காட்டிய டீம் லீட் பிறகு ஸாரி சொன்னார், ரேட்டிங்கும் திருத்தப்பட்டது. எல்லாம் சரி. ஆனால் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பல் தேய்க்கும்போது அந்த வார்த்தை அப்படியே காதில் விழுகிறது. முகம் சூடாகிறது. அன்றைக்குச் சொல்லத் தவறிய பதிலை இப்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறீர்கள்.

யாரிடமாவது சொன்னால், "இன்னுமா அதையே நினைச்சிட்டு இருக்கே?" என்பார்கள். அதோடு இரண்டாவதாக ஒரு கோபமும் சேர்ந்துகொள்கிறது. இது உங்கள் மேலேயே வரும் கோபம்: 'மன்னிச்சிட்டேன்னு சொன்னது பொய்யா? நான் அவ்வளவு அற்பமா?'

பொய் இல்லை. அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது.

மன்னிப்பது ஒன்று, ஆறுவது இன்னொன்று

'மறப்போம், மன்னிப்போம்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் அங்கிருந்துதான் வருகிறது. மன்னிப்பைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்த்திங்டன், மன்னிப்பையே இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, முடிவாக எடுக்கும் மன்னிப்பு: 'இனி இவரைப் பழிவாங்க மாட்டேன், மரியாதையாக நடத்துவேன்.' இதை ஒரே நாளில் எடுத்துவிடலாம். மற்றது உணர்வில் நடக்கும் மன்னிப்பு: கசப்பு போய் அந்த இடத்தில் வேறொரு உணர்வு வருவது. இதற்குத் தேதி குறிக்க முடியாது. முதலாவது முழு உண்மையாக இருக்கும்போதே இரண்டாவது பாதி வழியில் நிற்கலாம். வொர்த்திங்டன் இதைப் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. அவர் மன்னிப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1996 புத்தாண்டை ஒட்டி, அவருடைய தாய் வீடு புகுந்த ஒருவரால் கொல்லப்பட்டார்.

ஆகவே பஞ்சாயத்து முடிந்த மூன்றாம் மாதம் கோபம் வந்தால், நீங்கள் எடுத்த முடிவு பொய் என்று அர்த்தமில்லை. உணர்வு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அதை அடக்கி உள்ளே தள்ளினாலும் வேலைக்காகாது. டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொன்னார்கள். கரடி வந்துகொண்டே இருந்தது. தடையை எடுத்த பிறகு, முதலிலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அது இன்னும் அதிகமாக வந்தது. 'அதை நினைக்காதே' என்று மனசுக்குச் சொன்னால், நினைக்கிறோமா இல்லையா என்று சரிபார்க்கவாவது அது ஒருமுறை எட்டிப் பார்க்கும்.

'கருணைத்தொகை' என்ற சொல்லில் என்ன இருக்கிறது?

என் வேலை தரவு சார்ந்தது, அதனால் மூணாறு ஒப்பந்தத்தில் முதலில் என் கண்ணில் பட்டது எண்கள்தான். 8.33 என்பது போனஸ் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சம். மிச்சம் 11.67-க்குப் பெயர் கருணைத்தொகை. (தீபாவளிக்கு முன்னால் தமிழ்நாடு அரசின் பொதுத்துறை நிறுவனங்களுக்கான போனஸ் அறிவிப்பிலும் இதே இரண்டு எண்களைப் பார்த்திருப்பீர்கள்.) கையில் வரும் பணத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் போனஸ் என்றால் 'இது உன் உழைப்பின் பங்கு'. கருணைத்தொகை என்றால் 'உனக்கு இது பாக்கி இல்லை, ஆனாலும் தருகிறோம்'.

இனி சொல்வது என் வாசிப்பு. எந்த ஆய்வும் இதை மூணாறில் அளந்து சொல்லவில்லை. 2015-ல் அந்தப் பெண்கள் சாலைக்கு வந்தது வெறும் சதவீதத்துக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களுக்காக நாங்களே பேசுவோம் என்று சொல்லத்தான் அவர்கள் சங்கத் தலைவர்களைத் தள்ளி நிறுத்தினார்கள். ஒப்பந்தத்தில் பணத்துக்கு ஒரு வரி இருந்தது, மரியாதைக்கு இல்லை. எந்த ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருக்காது என்பது வேறு விஷயம். 2017-ல் வந்த பேச்சு நேராக அந்த எழுதப்படாத இடத்தில் போய் விழுந்தது. பழைய கோபம் திரும்பி வந்தது என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்தோம். உண்மையில், கணக்கில் ஏறாமலே இருந்த பாக்கி அது.

நம் வீட்டுச் சமாதானங்களையும் இப்படிப் பாருங்கள். "சரி, உனக்கு வருத்தம்னா ஸாரி" என்பது கருணைத்தொகைதான். ஸாரி இருக்கிறது, 'நான் செய்தது தப்பு' என்பது இல்லை. ரேட்டிங் திருத்தப்பட்டது, ஏன் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொத்துப் பாகம் சரியாகப் பிரிந்தது, அன்றைக்குச் சொன்ன வார்த்தையை யாரும் வாபஸ் வாங்கவில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், மூன்று வாரம் உட்கார்ந்து நான் தொகுத்த தரவு வேறொருவர் பெயரில் வெளியானது. கேட்டேன். மன்னிப்புக் கேட்டார்கள், மறுநாளே பெயர் மாறியது, நானும் சரி என்றேன். ஆறு வருடம் ஆகிறது. அந்த மாதிரி ஒரு வரைபடத்தை எங்கே பார்த்தாலும் வயிற்றில் இன்னும் ஏதோ செய்யும். எது விடுபட்டது என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. பெயரைத் திருத்தினார்களே தவிர, 'இது உன் வேலை' என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலில், அது நிஜமாகவே தீர்ந்ததா?

கோபத்தைச் சமாளிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட வேண்டும். இடுக்கியிலிருந்து வடக்கே, பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக்கு வாருங்கள். சித்தூர் தாலுகா, பெருமாட்டி ஊராட்சி, பிளாச்சிமடை. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் குறைந்து கெட்டுப்போனது என்று சொல்லி, இரவாளர், மலசர் சமூகத்தைச் சேர்ந்த பழங்குடி மக்கள் 2002 ஏப்ரல் 22-ல் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். மயிலம்மா அவர்களில் முன்னணியில் நின்றவர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அங்கே மறுபடி உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று 2017-ல் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

'அதான் மூடியாச்சே, இன்னும் என்ன?' என்று கேட்பது சுலபம். மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் மதிப்பிட்ட இழப்பு 216.26 கோடி ரூபாய். அதை வாங்கித்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரள சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை. 2007-ல் இறந்துபோன மயிலம்மா இதில் எதையும் பார்க்கவில்லை.

பிளாச்சிமடைக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்தால் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவது அபத்தம். அந்தக் கோபத்துக்கு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் விஷயத்திலும் அப்படியா என்று பாருங்கள். அடித்தவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த மாதம் மறுபடி அடிக்கிறார் என்றால் அது 'தீர்ந்த பழைய விஷயம்' இல்லை, நடந்துகொண்டிருக்கும் வன்முறை. அங்கே சமாளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டாம், வெளியே வர உதவி தேடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

தலையணையைக் குத்தினால் குறையுமா?

குறையாது. 'உள்ளே வைக்காதே, கொட்டிடு' என்ற அறிவுரை எல்லா மொழியிலும் இருக்கிறது, நம்மிடம் கொஞ்சம் அதிகம். பிராட் புஷ்மன் 600 மாணவர்களை வைத்து நடத்தி 2002-ல் வெளியிட்ட சோதனையில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் தேவலை. 2024-ல் புஷ்மனும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் இதே திசைதான். மூச்சைச் சீராக்குவது, தசைகளைத் தளர்த்துவது, தியானம் போன்று உடலின் படபடப்பைக் குறைப்பவை கோபத்தைக் குறைத்தன. படபடப்பைக் கூட்டுபவை அப்படிக் குறைக்கவில்லை. ஓட்டப்பயிற்சியும் இந்த இரண்டாவது வரிசையில்தான் வந்தது. உடம்புக்கு நல்லது, கோபத்துக்கு மருந்தில்லை.

நண்பருக்கு அனுப்பும் எட்டு நிமிட வாய்ஸ் நோட்டும் பல நேரம் குத்துமூட்டைதான். முதல் முறை சொல்வது ஆறுதல். அதே கதையை, அதே வசனங்களோடு, ஐந்தாம் முறை சொல்வது ஒத்திகை.

அப்போ என்னதான் செய்வது?

கோபம் ஏறியிருக்கும்போது யோசிக்கத் தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் மூளை வக்கீலாகத்தான் வேலை செய்யும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்கு அதிக நேரம் கொடுங்கள், சில நிமிடங்கள். இறங்கிய பிறகு, அன்றைக்கே முடியாவிட்டால் மறுநாள், ஒரே கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: அந்தச் சமாதானத்தில் எனக்கு எது வரவில்லை?

பதில் பெரும்பாலும் ஒற்றை வரியில் வரும். 'தப்பு என்று ஒத்துக்கொள்ளவே இல்லை.' 'எல்லார் முன்னாலும் திட்டினார், ரூமில் வைத்து ஸாரி சொன்னார்.' 'இனி நடக்காது என்று சொல்லவில்லை.' நாலு பக்கம் வந்தால் அது பதில் இல்லை, இன்னும் சூடு இறங்கவில்லை.

விடுபட்டது கேட்கக்கூடியதாக இருந்தால், கேட்டுவிடுவது நல்லது. முழு வழக்கையும் மறுபடி திறக்காமல், அந்த ஒரு வரியை மட்டும். "அது முடிஞ்சது முடிஞ்சதுதான், நான் திரும்பக் கிளறலை. ஆனா அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது இன்னும் எனக்கு உறுத்துது. அது தப்புன்னு உங்களுக்குத் தோணுதான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்." இப்படிக் கேட்டால் பதில் வரும் என்று உத்தரவாதம் இல்லை. வயதில் மூத்தவர்களிடம், முக்கியமாக அப்பாக்களிடம், 'தப்பு' என்ற சொல் வாயில் வராமலே போகலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்களுக்குப் பிடித்த மீனை வாங்கி வைத்திருப்பார். அதை ஏற்றுக்கொள்வதா, வார்த்தைதான் வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நான் மீனை ஏற்றுக்கொள்பவர்கள் பக்கம், ஆனால் எல்லாருக்கும் அது போதாது.

கேட்க முடியாத நிலையும் உண்டு. அவர் உயிரோடு இல்லை, தொடர்பில் இல்லை, கேட்டால் வேலைக்கு ஆபத்து. அப்போது அந்த அங்கீகாரம் அவரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதை விட்டுப் பார்க்கலாம். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. அப்போது பக்கத்து மேஜையில் இருந்த தோழி ஒருவரிடம் வருடங்கள் கழித்துச் சொன்னேன். "அது உன் வேலைன்னு எனக்குத் தெரியும், ராத்திரி ராத்திரியா நீ உட்கார்ந்ததைப் பார்த்தேனே" என்றார். சாட்சி சொல்ல ஓர் ஆள். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்றிலிருந்து அதன் குரல் தணிந்தது. சொல்ல ஆளே இல்லாவிட்டால் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் தொடங்கிய முறை இது: தொடர்ந்து நாலு நாள், தினம் ஒரு 15 நிமிடம், யாருக்கும் காட்டப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, நடந்ததையும் அதைப் பற்றி உணர்ந்ததையும் எழுதுவது. எல்லாருக்கும் பலன் தருவதில்லை, எழுதிய அன்றைக்கு மனசு கனமாகக்கூட இருக்கும். நாலு நாளோடு நிறுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் எழுதினால் அதுவும் அசைபோடுதல் ஆகிவிடும்.

காகிதத்தில் ஒன்றுமே வரவில்லை என்றால்? கேட்டது எல்லாம் கிடைத்திருக்கிறது, அவரும் மாறியிருக்கிறார், ஆனாலும் கோபம் வருகிறது. அப்படியானால் அது எதிரொலி. மலையில் கத்தியவர் போன பிறகும் சத்தம் கேட்குமே, அதுபோல. எதிரொலிக்குப் பதில் சொன்னால் இன்னொரு எதிரொலிதான் வரும். இங்கே ஈதன் க்ராஸின் ஆய்வுகள் உதவும். மனசுக்குள் பேசும்போது 'நான்' என்பதற்குப் பதில் உங்கள் பெயரைச் சொல்லி, வேறொருவரிடம் பேசுவதுபோலப் பேசினால், அந்தக் காட்சியிலிருந்து ஓரடி தள்ளி நிற்க முடிகிறது. 'எனக்கு ஏன் இப்படிச் செய்தார்?' என்பதைவிட, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'இப்போ உனக்கு எது ஞாபகப்படுத்துச்சு?' என்று கேட்பது மேல். தமிழில் இது நமக்குக் கஷ்டமே இல்லை. நம்மை நாமே பெயர் சொல்லித் திட்டிக்கொள்கிறவர்கள்தானே, அதைக் கொஞ்சம் அன்பாகச் செய்தால் போதும்.

அந்த 'எது ஞாபகப்படுத்துச்சு' என்பதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு தேதி, ஒரு மண்டபம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த பழைய போட்டோ. எல்லையில் இருப்பவர்களுக்கு ஓணம், தீபாவளி என்று இரண்டு பண்டிகைக்கும் அதே உறவினர் கூட்டம் கூடும். வரப்போகிறது என்று முன்பே தெரிந்த கோபத்துக்கு வீரியம் குறைவு. யார் பக்கத்தில் உட்கார்வது, எப்போது கிளம்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்வதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை.

எப்போது வெளி உதவி தேவை?

கோபத்தால் வாரக்கணக்கில் தூக்கம் கெடுகிறது, சம்பந்தமில்லாதவர்கள் மீது அது பாய்கிறது, தணிக்கக் குடிக்க வேண்டியிருக்கிறது, யாரையாவது அல்லது உங்களையே காயப்படுத்தத் தோன்றுகிறது என்றால் இந்தக் கட்டுரை போதாது. நடந்தது நினைவாக வராமல், இப்போதே மறுபடி நடப்பதுபோல உடம்பு உதறினாலும் அப்படித்தான். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள்.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழும் மலையாளமும் உண்டு. கேரள அரசின் திஷா உதவி எண் 1056. எந்த மொழியில் கோபப்படுகிறீர்களோ அந்த மொழியில் பேசுங்கள். எல்லைக்காரர்களுக்கு அது சில சமயம் இரண்டுமாக இருக்கும்.